எக்செல்லில் ஜிஎஸ்டி கணக்கு: செட்டிநாட்டுக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் பலகாரம், கண்டாங்கி, கல், பழம்பொருள் என்று சிறிய அளவில் தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. பெரிய சாஃப்ட்வேர் வாங்க வசதிப்படாதவர்கள், அல்லது வாங்கியும் எக்செல்லையே நம்புகிறவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கூகுள் ஷீட்ஸிலும் இதே ஃபார்முலாக்கள் வேலை செய்யும்.

படிக்குமுன் ஒரு விஷயம். ஃபார்முலாக்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஏ2, பி2 என்று இருப்பதையும் ரவுண்ட், இஃப், விலுக்அப் என்ற பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். குறிகள், அடைப்புகள், எண்கள் எல்லாம் அப்படியே.

ஷீட்டை எப்படி அமைப்பது? எந்தப் பத்தியில் எதை எழுதுவது?

முதல் வரிசை தலைப்பு. இரண்டாம் வரிசையிலிருந்து விற்பனை. நான் எல்லாருக்கும் போட்டுத் தரும் வரிசை இது:

ஏ – தேதி
பி – பில் எண்
சி – பொருள்
டி – அளவு
ஈ – விலை (வரி சேராதது)
எஃப் – தள்ளுபடி
ஜி – வரிக்குரிய மதிப்பு
ஹெச் – வரி விகிதம்
ஐ – மாநில எண் (சரக்கு போய்ச் சேரும் மாநிலம்)
ஜே – சிஜிஎஸ்டி (உள்ளூர் விற்பனையில் மத்திய அரசின் பாதி)
கே – எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பாதி)
எல் – ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி)
எம் – மொத்தம்

ஏ முதல் எஃப் வரையும், ஐயும் நீங்கள் கையால் நிரப்புவது. மற்றதெல்லாம் ஃபார்முலா. ஃபார்முலா உள்ள பத்திகளுக்கு வேறு நிறம் அடித்துவிடுங்கள். கடையில் நான்கு பேர் தொடும் ஷீட் என்றால் இது மிக அவசியம். யாராவது ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டிவிட்டால் அங்கிருந்த ஃபார்முலா போயே போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

சரி, வரியைக் கணக்கிடும் ஃபார்முலா என்ன?

இரண்டாம் வரிசைக்கு எழுதி, கீழே இழுத்துவிடுங்கள்.

ஜி2: =ரவுண்ட்(டி2*ஈ2-எஃப்2,2)
ஜே2: =இஃப்(ஐ2=33,ரவுண்ட்(ஜி2*ஹெச்2/2,2),0)
கே2: =ஜே2
எல்2: =இஃப்(ஐ2=33,0,ரவுண்ட்(ஜி2*ஹெச்2,2))
எம்2: =ஜி2+ஜே2+கே2+எல்2

33 என்பது ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் மாநில எண். மணகோலம் 3 கிலோ, கிலோ 400 ரூபாய் என்று வையுங்கள். வரிக்குரிய மதிப்பு 1,200. விகிதம் 5 சதவீதம். உள்ளூர் விற்பனை என்றால் சிஜிஎஸ்டி 30, எஸ்ஜிஎஸ்டி 30, மொத்தம் 1,260. அதே பலகாரத்தைப் பெங்களூருக்கு அனுப்பினால் ஐ பத்தியில் 29 வரும், ஐஜிஎஸ்டி 60 தனியாக விழும். வாங்குபவர் கொடுப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் தவறான தலைப்பில் கட்டிய வரியைச் சரிசெய்வது பெரிய அலைச்சல்.

ஐ பத்தியைக் காலியாக விட்டால் இந்த ஃபார்முலா அதை வெளிமாநிலம் என்று எடுத்துக்கொண்டு ஐஜிஎஸ்டி போட்டுவிடும். அதனால் அந்தப் பத்தி முழுக்க முன்கூட்டியே 33 நிரப்பி வைத்துவிட்டு, வெளியூர்ப் பார்சல் வரும்போது மட்டும் மாற்றுங்கள். கேரளம் 32, புதுச்சேரி 34, ஆந்திரம் 37, தெலங்கானா 36, மகாராஷ்டிரம் 27. புதுச்சேரி பக்கத்தில்தானே இருக்கிறது என்று உள்ளூர்க் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது தனி எண், ஐஜிஎஸ்டிதான்.

விகிதத்தை நேராக ஃபார்முலாவுக்குள் 5% என்று எழுதினால் என்ன? ஏன் தனிப் பத்தி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். விகிதத்தை ஃபார்முலாவுக்குள் புதைக்கக் கூடாது.

ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று வந்தது. அதன்பின் எத்தனையோ பொருள்களுக்கு விகிதம் மாறிவிட்டது. மிகப் பெரிய மாற்றம் 2025 செப்டம்பர் 22 அன்று. 12, 28 என்ற படிகள் பெரும்பாலும் போய் 5, 18 என்று இரண்டாகச் சுருங்கின. சில பொருள்களுக்கு மட்டும் 40. நம் ஊருக்கு நேராகப் பட்டது பாக்கெட் பலகாரம். அடைத்து லேபிள் ஒட்டிய முறுக்கு, மிக்சர் வகைக்கு அதுவரை 12 சதவீதம், அன்று முதல் 5. சில்லறையாக நிறுத்துக் கொடுத்ததற்கு அப்போதே 5தான்.

ஃபார்முலாவுக்குள் 12% என்று எழுதி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு கட்டமாகத் தேட வேண்டியிருந்தது. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பலகாரக் கடையில் அதற்கு நேர்மாறாக நடந்தது. அவர்கள் விகிதத்தை ஒழுங்காக ஒரே கட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். செப்டம்பர் 22 காலையில் அந்த ஒரு கட்டத்தை 12இலிருந்து 5 ஆக்கினார்கள். அடுத்த நொடியே ஏப்ரல் முதல் அடித்த பில்கள் எல்லாம் ஷீட்டில் 5 சதவீதமாக மாறிவிட்டன. ஏற்கெனவே தாக்கல் செய்த மாதங்களின் கூட்டுத்தொகையும் ஷீட்டும் ஒட்டவே இல்லை. அச்சடித்த பில் நகல்களை வைத்துத்தான் மீட்டோம்.

விகிதம் என்பது பொருளுக்கு மட்டும் சொந்தமில்லை, தேதிக்கும் சொந்தம். அதனால் 'விகிதம்' என்று இரண்டாவது ஒரு ஷீட் திறந்து, ஏ பத்தியில் பொருள், பி பத்தியில் ஹெச்எஸ்என் எண் (பொருள் எந்த வகை என்று காட்டும் எண்), சி பத்தியில் 21-9-2025 வரை இருந்த விகிதம், டி பத்தியில் 22-9-2025 முதல் உள்ள விகிதம் என்று எழுதுங்கள். பிறகு விற்பனை ஷீட்டின் ஹெச்2இல்:

=விலுக்அப்(சி2,'விகிதம்'!$ஏ$2:$டி$40,இஃப்(ஏ2<டேட்(2025,9,22),3,4),0)

தேதி செப்டம்பர் 22க்கு முந்தையது என்றால் மூன்றாவது பத்தி, இல்லையென்றால் நான்காவது பத்தி. நாளை மறுபடி மாறினால் ஈ என்று இன்னொரு பத்தி சேர்த்து, வீச்சை ஈ வரை நீட்டி, இன்னொரு இஃப் போட்டால் போதும். பழைய பில்லை எதுவும் தொடாது.

அந்த டாலர் குறி எதற்கு? கடைசியில் 0 எதற்கு?

டாலர் குறி இல்லாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் பட்டியலின் இடமும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகரும். பத்தாவது வரிசையில் பட்டியலின் முதல் எட்டுப் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். டாலர் போட்டால் இடம் பெயராது. கடைசி 0 என்றால் பெயர் அச்சாகப் பொருந்த வேண்டும் என்று பொருள். அதை விட்டால் எக்செல் ஏறத்தாழப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும், சீப்புச் சீடைக்குப் பக்கத்து வரிசையின் விகிதம் விழலாம்.

பெயர் அச்சாகப் பொருந்த வேண்டும் என்பதால் 'தேன்குழல்' என்பதற்குப் பின் ஒரு காலி இடம் விழுந்தாலும் பிழை காட்டும். பொருள் பத்திக்கு டேட்டா வேலிடேஷன் மூலம் பட்டியல் போட்டுவிடுங்கள். தட்டுவதற்குப் பதில் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஆச்சி ஒருவர் கேட்டது: பாக்கெட்டில் 210 ரூபாய் என்றுதான் போட்டிருக்கிறோம், வரியும் அதற்குள்ளேயே. எப்படிப் பிரிப்பது?

வரிக்குரிய மதிப்பு: =ரவுண்ட்(210/(1+5%),2)

விடை 200. வரி 10. வகுக்க வேண்டும், கழிக்கக் கூடாது. 210இல் 5 சதவீதம் 10.50 என்று கழித்து 199.50 என்று எழுதுவது பல கடைகளில் இருக்கும் பழக்கம். 5 சதவீதம் என்பது 200க்கு மேல் போட்டது, 210க்கு மேல் போட்டதல்ல. விகிதம் ஏற ஏற இந்த வித்தியாசம் பெருகும். 118 ரூபாய்ப் பொருளில் 18 சதவீத வரி 18 ரூபாய். கழித்தால் 21.24 வரும், ஒவ்வொரு நூறு ரூபாய்ச் சரக்குக்கும் 3 ரூபாய் 24 காசு வீணாகக் கட்டுவீர்கள்.

பாக்கெட் விலை, ஜிபேயில் வந்த தொகை, கல்லாவில் விழுந்த ரொக்கம் எல்லாம் வரி சேர்ந்த எண்கள்தான். இப்படி விற்பவர்கள் ஈ பத்தியில் பாக்கெட் விலையை எழுதிக்கொண்டு ஜி2ஐ இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

=ரவுண்ட்((டி2*ஈ2-எஃப்2)/(1+ஹெச்2),2)

ஒரே ஷீட்டில் சில விலை வரியோடும் சில விலை வரியில்லாமலும் கலந்து எழுத வேண்டாம். இரண்டு ஷீட்டாகப் பிரித்துவிடுங்கள்.

விகிதம் 5 என்று அடித்தேன், 1,200 ரூபாய்ச் சரக்குக்கு 6,000 ரூபாய் வரி காட்டுகிறது!

கட்டத்தில் இருப்பது 5 சதவீதம் அல்ல, வெறும் ஐந்து. 5% என்று குறியோடு அடியுங்கள், அல்லது முன்பே அந்தப் பத்தியைச் சதவீத வடிவத்துக்கு மாற்றிவிட்டு அடியுங்கள்.

கால்குலேட்டரில் போட்டால் ஒரு காசு வித்தியாசம் வருகிறது. விட்டுவிடலாமா?

ஒரு காசுதானே என்று விடலாம், ஆனால் ஏன் வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு காரணம்.

முதலாவது, திரையில் தெரிவது வேறு, கட்டத்துக்குள் இருப்பது வேறு. இரண்டு தசமம் மட்டும் காட்டு என்று வடிவத்தை மாற்றினால் எக்செல் காட்டுவதைத்தான் சுருக்குகிறது, உள்ளே 8.33325 அப்படியே கிடக்கும். முப்பது வரிசை கூட்டும்போது அந்த மிச்சமெல்லாம் சேர்ந்து கணக்கைப் பிசகச் செய்யும். ரவுண்ட் போட்டால் உள்ளேயும் 8.33 ஆகிவிடும். அதனால்தான் மேலே எல்லா ஃபார்முலாவிலும் அதைப் போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, பாதியைச் சுருக்குவதும் முழுதைச் சுருக்கிப் பாதியாக்குவதும் ஒன்றல்ல. 333.33 ரூபாய்க்கு 5 சதவீதம் 16.67 வருகிறது. ஆனால் இரண்டரை இரண்டரையாகப் போட்டால் 8.33, 8.33, கூட்டினால் 16.66. சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சமமாக இருக்க வேண்டியவை. ஆகவே பாதியை முதலில் கணக்கிட்டு, மற்றதை அதிலிருந்து எடுத்து, பிறகு கூட்டுங்கள். கே2இல் தனி ஃபார்முலா போடாமல் =ஜே2 என்று எழுதச் சொன்னது அதற்குத்தான்.

பில்லின் அடியில் முழு ரூபாயாக்க 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரிசை சேர்த்து, =ரவுண்ட்(எம்20,0)-எம்20 என்று போடுங்கள். எம்20 உங்கள் பில்லின் கூட்டுத்தொகை இருக்கும் கட்டம். ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் மேல் ரூபாய், குறைந்தால் கீழ் ரூபாய்.

தள்ளுபடியை வரிக்கு முன் கழிப்பதா, பின் கழிப்பதா?

பில்லிலேயே எழுதிக் கொடுக்கும் தள்ளுபடி என்றால் முன்பே கழியுங்கள், வரி மீதித் தொகைக்குத்தான். பில் போட்டுச் சில நாள் கழித்து மனமிரங்கிக் குறைத்தால் அது வேறு கதை, அதற்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) உண்டு, நிபந்தனைகளும் உண்டு.

கண்டாங்கியும் விற்கிறோம், தைத்த துணியும் விற்கிறோம். ஒரே விகிதமா?

கண்டாங்கிச் சேலை பருத்தித் துணி என்ற வகையில் வருகிறது, விலை எவ்வளவு ஆனாலும் 5 சதவீதம். தைத்த உடைக்கு அப்படியில்லை. ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செப்டம்பர் 22க்கு முன் இந்த எல்லை 1,000 ரூபாயாகவும் மேல் விகிதம் 12 ஆகவும் இருந்தது. தைத்த உடை வரிசைகளில் ஹெச்2 இப்படி:

=இஃப்(ஜி2/டி2<=2500,5%,18%)

ஈ2ஐப் பார்க்காமல் ஜி2/டி2ஐப் பார்ப்பது ஏன் என்றால், தள்ளுபடி கழித்த பின் ஒரு உருப்படிக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. 2,700 ரூபாய் குர்தாவுக்கு 300 தள்ளுபடி கொடுத்தால் 2,400, ஆகவே 5 சதவீதம். பண்டிகைத் தள்ளுபடி நேரத்தில் இது பெரிய வித்தியாசம்.

இந்த ஃபார்முலா வரி சேராத விலைக்கு. வரி சேர்ந்த விலைக்குப் போட்டால் விகிதம் தெரிய மதிப்பு வேண்டும், மதிப்பு தெரிய விகிதம் வேண்டும் என்று எக்செல் சுற்றிக்கொண்டு பிழை சொல்லும். அப்போது எல்லையை 2,625 என்று வைத்து, =இஃப்((டி2*ஈ2-எஃப்2)/டி2<=2625,5%,18%) என்று எழுதுங்கள். 2,500க்கு 5 சதவீதம் சேர்த்தால் 2,625.

கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். அறை வாடகைக்கு எப்படி?

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு அறைக்கு ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு (நீங்கள் வாங்கியவற்றுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் 18, வரவு உண்டு. ஈ பத்தியில் ஒரு நாள் வாடகை இருந்தால்:

=இஃப்(ஜி2/டி2<=7500,5%,18%)

டி பத்தியில் அறை எண்ணிக்கையை நாள் எண்ணிக்கையால் பெருக்கி எழுதுங்கள்.

வருமான வரிப் பழக்கத்தில் பலர் இதை 7,500 வரை 5, மிச்சத்துக்கு மட்டும் 18 என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. எல்லையைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18. வாடகை 7,500 என்றால் விருந்தினர் கொடுப்பது 7,875. வாடகையை 7,600 ஆக்கினால் வரி 1,368, விருந்தினர் கொடுப்பது 8,968. நீங்கள் 100 ரூபாய் கூட்டியதற்கு அவர் 1,093 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார். விலை நிர்ணயிக்கும் முன் 7,000 முதல் 9,500 வரை நூறு நூறாக ஒரு பத்தியில் எழுதி, பக்கத்தில் வரியோடு சேர்ந்த தொகையைக் கணக்கிட்டுப் பாருங்கள். எந்த விலைகள் யாருக்கும் லாபமில்லாதவை என்று கண்ணாலேயே தெரியும். எக்செல்லின் உண்மையான பயன் பில் போடுவதைவிட இந்த மாதிரிப் பார்ப்பதில்தான் என்பது என் கருத்து.

இன்னொன்று. விருந்தினர் மும்பையிலிருந்து வந்தாலும் பாரிஸிலிருந்து வந்தாலும் அறை இங்கே இருக்கிறது, ஆகவே சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான். ஐ பத்தியில் எப்போதும் 33.

கேரளத்துக்காரர் கடைக்கு வந்து கையோடு வாங்கிப் போகிறார். அதற்கும் ஐஜிஎஸ்டியா?

ஜிஎஸ்டி எண் இல்லாத சாதாரண வாடிக்கையாளர், முகவரி எதையும் பில்லில் எழுதவில்லை என்றால் அது உள்ளூர் விற்பனை, 33. ஆனால் பில்லில் அவர் மாநிலத்தின் பெயரை எழுதிவிட்டால் அதுவே விற்பனை இடமாகக் கணக்கில் வரும், அப்போது 32, ஐஜிஎஸ்டி. இந்த விதி 2023 அக்டோபரிலிருந்து இருக்கிறது. பில் எழுதும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். மரியாதைக்காக ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதுவது நம் வழக்கம், அது வரித் தலைப்பையே மாற்றிவிடும்.

வாங்குபவர் தரும் ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்க்க ஃபார்முலா உண்டா?

ஓரளவுக்கு. எண் என்2இல் இருக்கிறது என்றால் =லென்(என்2)=15 என்பது நீளத்தைப் பார்க்கும். பதினைந்து எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், அடுத்த பத்து அவருடைய பான். =லெஃப்ட்(என்2,2)="33" என்று போட்டால் தமிழ்நாட்டுக்காரரா என்று தெரியும். 33ஐ மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், ஏனென்றால் லெஃப்ட் தருவது எண் அல்ல, எழுத்து. குறி இல்லாமல் போட்டால் எப்போதுமே இல்லை என்றுதான் சொல்லும். எண் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதை ஜிஎஸ்டி இணையதளத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் கொச்சிக்கு லாரியில் போகிறது. லாரி வாடகைக்கும் வரி சேர்ப்பதா?

லாரியை நீங்கள் ஏற்பாடு செய்து, வாடகையைக் கல் பில்லிலேயே சேர்த்து வாங்கினால் அதுவும் வரிக்குரிய மதிப்பில் சேரும், கல்லுக்குரிய 18 சதவீதமே அதற்கும். ஏற்றுக்கூலி, வைக்கோல் வைத்துக் கட்டும் செலவு எல்லாம் அப்படியே. வாங்குபவரே லாரி அனுப்பி வாடகையும் அவரே கொடுத்தால் உங்கள் பில்லில் அது வராது.

கல்லை எண்ணிக்கையில் எடுத்துச் சதுர அடியில் விற்பவர்கள், பத்து அங்குலக் கல்லுக்கு =எண்ணிக்கை*10*10/144 என்று சதுர அடியாக்கிக்கொள்ளுங்கள். 144 என்பது ஒரு சதுர அடியிலுள்ள சதுர அங்குலம்.

அப்புறம் ஈ-வே பில், அதாவது சரக்கு வண்டியில் போகும்போது இணையத்தில் எடுக்க வேண்டிய சீட்டு. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் எல்லை ஒரு லட்சம். இந்த எல்லை வரியையும் சேர்த்துத்தான். கல்லும் வாடகையுமாக 45,000 என்று நிம்மதியாக லாரியை அனுப்புவார்கள். 18 சதவீதம் 8,100 சேர்ந்தால் 53,100, வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல முடியாது. ஒரே பில்லில் பல வரிசை இருக்கும் என்பதால் பில் எண்ணை வைத்துக் கூட்டிப் பாருங்கள்:

=இஃப்(சம்இஃப்(பி:பி,பி2,எம்:எம்)>இஃப்(ஐ2=33,100000,50000),"ஈ-வே பில் போடு","")

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை. பழைய சாமானுக்கு முழு விலைக்கும் வரியா?

வேண்டியதில்லை. பழைய பொருளை வாங்கி விற்பவர்களுக்கு மார்ஜின் முறை உண்டு. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. இரண்டு நிபந்தனை: வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மை மாறாத சில்லறைச் செப்பனிடல் மட்டுமே செய்திருக்க வேண்டும். இனாமல் தூக்கைத் துலக்கி விற்பது இதில் வரும். பர்மாத் தேக்குக் கதவை அறுத்துச் சாப்பாட்டு மேசையாக்கி விற்றால் வராது, அது புதுப் பொருள்.

இதற்கெனத் தனி ஷீட் போட்டு, டி பத்தியில் வாங்கிய விலை, ஈ பத்தியில் விற்ற விலை எழுதி, ஜி2இல்:

=மேக்ஸ்(0,ஈ2-டி2)

8,000க்கு வாங்கிய கதவு 12,500க்குப் போனால் மார்ஜின் 4,500. விகிதம் 18 என்றால் வரி 810. 5,000க்கு வாங்கிய கண்ணாடி விளக்கு 4,200க்குப் போனால் மார்ஜின் கழித்தல் 800, அதை மேக்ஸ் பூஜ்யமாக்கிவிடும். அந்த 800ஐக் கதவு லாபத்தில் கழித்து 3,700க்கு வரி கட்டக் கூடாது. நட்டம் வந்த உருப்படியை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே மேக்ஸை ஒவ்வொரு வரிசையிலும் போடுங்கள், அடியில் கூட்டுத்தொகைக்குப் போட்டால் கணக்கு தப்பு.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட அரும்பொருள் என்றால் விகிதம் இப்போது 5. வயதுக்கு ஆதாரம் கையில் இருந்தால் மட்டும் அந்த விகிதத்தைப் போடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா உறவுகளுக்குப் பலகாரம் பார்சல் அனுப்புகிறோம்.

நீங்களே ஏற்றுமதியாக அனுப்பி, ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி எனும் உறுதிப் பத்திரத்தையும் தாக்கல் செய்திருந்தால் வரி இல்லாமல் அனுப்பலாம். அதை ஒவ்வொரு நிதியாண்டும் புதுப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக்கு 96 என்ற எண்ணை ஐ பத்தியில் எழுதி, எல்2ஐ இப்படி மாற்றுங்கள்:

=இஃப்(ஐ2=33,0,இஃப்(ஐ2=96,0,ரவுண்ட்(ஜி2*ஹெச்2,2)))

ஊருக்கு வந்தவர் பெட்டியில் வைத்து எடுத்துப் போனால் அது ஏற்றுமதி ஆகாது, உள்ளூர் விற்பனை.

நாங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறோம். இந்த ஃபார்முலா எல்லாம் எங்களுக்கு எதற்கு?

பாதிக்கு மேல் வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள வியாபாரிகளும் தயாரிப்பாளர்களும் இதில் சேரலாம். வாங்குபவரிடம் வரி வசூலிக்கக் கூடாது, பில்லில் ஜிஎஸ்டி என்று தனி வரியும் காட்டக் கூடாது. ஒரு சதவீதத்தை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், உணவகம் என்றால் ஐந்து. காலாண்டு விற்பனையைக் கூட்டி =ரவுண்ட்(சம்(எம்2:எம்500)*1%,0) என்று போட்டால் முடிந்தது. காலாண்டு முடிந்த மாதத்தின் அடுத்த மாதம் 18ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள்.

ஆனால் இத்திட்டத்தில் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்துப் பெங்களூருக்குக் கூரியர் அனுப்பத் தொடங்கும் வீட்டுப் பலகாரக்காரர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ஷீட்டில் ஐ பத்தியை வைத்திருந்து, 33 அல்லாத எண் வந்தால் சிவப்பாகும்படி கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போடுங்கள்.

மாதக் கடைசியில் விகிதவாரியாகக் கூட்டுவது எப்படி?

2026 ஜனவரியில் 5 சதவீதச் சரக்கின் மதிப்பு வேண்டும் என்றால்:

=சம்இஃப்ஸ்(ஜி:ஜி,ஹெச்:ஹெச்,5%,ஏ:ஏ,">="&டேட்(2026,1,1),ஏ:ஏ,"<"&டேட்(2026,2,1))

முதலில் உள்ள ஜி:ஜியை ஜே, கே, எல் என்று மாற்றினால் அந்தந்த வரி வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரப் படிவம்) அடுத்த மாதம் 11ஆம் தேதி, 3பி (வரி கட்டும் படிவம்) 20ஆம் தேதி. காலாண்டுக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் 13, 22.

விடை பூஜ்யம் என்று வந்தால் பெரும்பாலும் தேதிதான் காரணம். 05.01.2026 என்று புள்ளி வைத்து எழுதுவது நம் கைப்பழக்கம். எக்செல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 5-1-2026 என்று கோடு போட்டு எழுதுங்கள். கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலது பக்கம் நின்றால் தேதி அல்லது எண். விலையோடு 'ரூ.' என்று சேர்த்து அடித்தாலும் இதே கதிதான், கூட்டலில் அது சேராது.

லட்சம், கோடி என்று காற்புள்ளி விழவில்லையே? 1,234,567 என்று காட்டுகிறது.

கணினியின் பிராந்திய அமைப்பை இந்தியா என்று மாற்றினால் சரியாகிவிடும். மாற்ற முடியாவிட்டால் கஸ்டம் வடிவத்தில் இதை ஒட்டுங்கள்:

[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

12,34,567 என்று வரும். காசு வேண்டுமென்றால் மூன்று இடத்திலும் கடைசி 0க்குப் பின் .00 சேருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எப்படி உறுதிசெய்வது?

அடியில் ஒரு சரிபார்ப்புக் கட்டம் வையுங்கள். பேரேடு எழுதிய காலத்தில் நம் கணக்கப்பிள்ளைகள் ஐந்தொகை ஒட்டாமல் பேனாவை மூடியதில்லை. அந்த வேலையை இந்த ஒரு கட்டம் செய்யும்:

=ரவுண்ட்(சம்(ஜி2:ஜி500)+சம்(ஜே2:எல்500)-சம்(எம்2:எம்500),2)

பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் யாரோ ஒரு ஃபார்முலாவை அழித்து எண் தட்டியிருக்கிறார்கள். கூடவே =சம்(ஜே2:ஜே500)=சம்(கே2:கே500) என்று இன்னொரு கட்டம். இது பொய் என்று சொன்னால் இரண்டு பாதியில் ஒன்றை யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் கூட்டல் பிழையைத்தான் பிடிக்கும், தவறான விகிதத்தைப் பிடிக்காது. 'விகிதம்' ஷீட்டை மட்டும் அச்செடுத்து, ஹெச்எஸ்என் எண்ணோடு ஆண்டுக்கு ஒரு முறையும், மாற்றம் அறிவிக்கும்போதும் உங்கள் ஆடிட்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். மாதத் தாக்கல் முடிந்ததும் அந்த மாதத்து ஷீட்டைத் தனிக் கோப்பாகச் சேமித்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுங்கள். அடுத்த மாதம் புதிய நகலில் தொடங்குங்கள்.